அண்ணன் தம்பிக்கு நடுவில் நின்றவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் பைக் ரேஸ் ஓட்டுகிற அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கொள்கிறார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து ஷெட்டில் ஒரே சத்தம். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் என்பதால் நன்றி சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அவர்களை எழுதச் சொன்னால், யார் முதலில் பிரேக்கை விட்டார்கள் என்பதிலேயே பாதி மடல் போய்விடும்.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்து கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் நடந்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசி லாப், அதாவது கடைசிச் சுற்று, வளைவில் தம்பி உள்பக்கம் நுழைந்தான், அண்ணன் லைனை விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பேரும் விழுந்தார்கள். தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது. பைக் ரேஸ்காரர்களுக்கு அடிக்கடி உடைகிற எலும்பு அது. தோளிலோ ஊன்றிய கையிலோ வாங்குகிற அடி நேராக அங்கேதான் போய்ச் சேரும்.

அன்றைக்கு அந்த வளைவில் பாதுகாப்புக்கு நின்ற மார்ஷல்களுக்கு முதல் நன்றி. ஒருவர் பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் தரையில் முட்டி போட்டு, தம்பியின் தலையை ஹெல்மெட்டோடு இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றப் போன ஆளை அதட்டி நிறுத்தியதும் அவர்தான். கழுத்தில் அடி இருந்தால் அவசரமாகக் கழற்றுவதே ஆபத்து என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கும் நன்றி.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அம்மா ஒருவனுக்கு எட்டு மணிக்கும் இன்னொருவனுக்கு ஒன்பது மணிக்கும் தோசை சுட்டாள். சமாதானம் பேச வந்த பெரியவர்கள் மனசும் நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் மார்க்கெஸ் சகோதரர்களைக் காட்டினார்கள். 2025-இல் உலக பைக் ரேஸ் போட்டியான மோட்டோஜிபியில் மார்க் சாம்பியன், தம்பி அலெக்ஸ் இரண்டாமிடம், அண்ணன் தம்பி அப்படி வந்தது அதுவே முதல் தடவை. சரி, சந்தோஷம். ஆனால் மார்க் பைக் கம்பெனியான டுகாட்டியின் சொந்த அணியில் ஓட்டினார், அலெக்ஸ் கிரெசினி அணியில். இரண்டும் டுகாட்டி வண்டிதான், ஆனால் மெக்கானிக் வேறு, பட்டறை வேறு. எங்கள் வீட்டில் ஒரே ஷெட், ஒரே ஸ்பேனர் செட், செலவு செய்ய அப்பாவின் ஒரே பாக்கெட். ஒப்பிட்டால் எப்படி?

காரியம் செய்தது ஒர்க்‌ஷாப் சேட்டன். அவர் யாரையும் கூப்பிட்டுப் புத்தி சொல்லவில்லை. ஒவ்வொரு லாப்பின் நேரமும் இருக்கிற பழைய லாப் ஷீட் ஒன்றைச் சுவரில் ஒட்டி, சிவப்புப் பேனாவால் சில லாப்களைச் சுழித்து வைத்தார், அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போன லாப்கள் அவை. 165 சிசி மாதிரி சின்ன வண்டிகளுக்கு ஸ்ட்ரெயிட்டில், அதாவது வளைவில்லாத நேர்பாதையில், காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்தால் பின்னால் வருகிறவனுக்குப் பாரம் குறையும்; ஸ்ட்ரெயிட் முடிகிற இடத்தில் வெளியே வந்து முந்தலாம். இப்படி மாறி மாறிப் போனால் இருவருக்கும் லாப் டைம் இறங்கும். வளைவுக்கு வளைவு மல்லுக்கட்டினால் மூன்றாவது ஆள் ஜெயிப்பான். ஷீட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. தனித்தனியாக வந்து இரண்டு பேருமே அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ். அண்ணனுக்கு பிட் போர்டு, அதாவது ஓட்டுகிறவனுக்குத் தகவல் எழுதிக் காட்டுகிற பலகை, பிடிக்க ஆள் இல்லை. “ஒரு கை போதும், நீ வா” என்று தம்பியிடம் சொன்னார் சேட்டன். பிக்கப் ஓட்டிய வேலந்தாவளம் மாமாவுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க ஒருவன் முன் சீட்டில், ஒருவன் பின்னால் வண்டியோடு. டீக்கடையில்கூட இரண்டு பெஞ்ச். மாமா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. யார் மேல் தப்பு என்று கேட்காத ஆட்கள் எங்களுக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

போர்டு என்று எங்களிடம் இருந்தது, தமிழ் வகுப்பு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து கொடுத்துவிட்ட சின்னக் கரும்பலகை. இருங்காட்டுக்கோட்டை சுற்று 3.7 கிலோமீட்டர் நீளம். அண்ணன் ஒரு தடவை கடந்து போனால் அடுத்த தடவை வருவதற்குள் அழித்து எழுத நேரம் இருக்கும். முதலில் எத்தனையாவது இடம், பின்னால் வருகிறவனுக்கும் இவனுக்கும் எவ்வளவு இடைவெளி, அது மட்டும்தான் தம்பி எழுதினான். கடைசி லாப்புக்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒரு வரி: “உள்ளே விடாதே.”

எழுதியது யார் என்று பாருங்கள்! உள்ளே விடாததால் எலும்பு முறிந்தவன். ஹெல்மெட்டுக்குள் சிரித்ததில் அடுத்த வளைவில் பிரேக்கையே தப்ப விட்டேன் என்கிறான் அண்ணன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மூன்றாவதாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் பேசிய முதல் வார்த்தை: “இன்னும் பெருசா எழுதுடா, கண்ணே தெரியல.”

ரேஸில் எதிரணி என்றாலும் கிளட்ச் லிவர் கழற்றிக் கொடுத்த கோயம்புத்தூர் பையனுக்கும், தினமும் வந்து தம்பியின் தோளுக்குப் பயிற்சி கொடுத்த தங்கச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டீச்சர், பலகை பத்திரமாக இருக்கிறது, பள்ளி திறந்ததும் கொண்டு வந்து தருகிறோம்.

இன்னொன்று. ஷெட்டில் யாரோ ஒரு டார்க் ரெஞ்சை, போல்ட்டை அளவோடு இறுக்குகிற ஸ்பேனரை, விட்டுப் போயிருக்கிறீர்கள். சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அது தன்னுடையது என்று இரண்டு பேரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.