கண்ணால் பார்ப்பதற்கு 2 போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேக் கோளாறு என்று வாகனங்களைத் திரும்பப் பெறும் செய்தி வரும்போதெல்லாம், பேச்சு கம்பெனிப் பெயரோடு முடிந்துவிடுகிறது. எந்தக் கோளாறு எப்படி வரக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள் ஒன்று உண்டு, எஃப்.எம்.இ.ஏ. என்பார்கள். வாகன உதிரிபாகத் தொழிலுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்றிதழுக்கு அது கட்டாயம். அம்பத்தூரிலும் ஓசூரிலும் பல உதிரிபாகப் பட்டறைகளில் அது ஆடிட்டுக்கு முந்தைய வாரம், பழைய பாகத்தின் எக்செல் கோப்பில் பெயரை மட்டும் மாற்றித் தயாராகிறது.

பிரேக் ஹோஸையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் குழாயின் முனையில் உலோக ஃபிட்டிங்கை டை எனும் அச்சால் நெரித்து இறுக்குவது கிரிம்பிங். இறுக்கம் போதாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் கழன்று பிரேக் போய்விடும். தாளில் இதற்குப் பத்துக்கு இத்தனை என்று மூன்று எண்கள் போடுவார்கள். பாதிப்பின் கடுமை 10. நேரும் வாய்ப்பு 4. சோதனை முறை 'கண்ணால் பார்த்தல்'; அதற்கு 2 போட்டிருப்பார்கள். (இந்தக் கட்டத்தில் எண் ஏற ஏற, கோளாறு சிக்காது என்று பொருள்.) மூன்றையும் பெருக்கினால் 10×4×2 = 80. நூறுக்குள் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்! அதே தாளில் லேபிள் அழிவதற்கு 4×5×6 = 120. கூட்டம் முழுக்க லேபிள் மையைப் பற்றியே ஓடும்.

கிரிம்ப் விட்டம் கால் மில்லிமீட்டர் கூடியிருப்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? வேலை முடிந்தபின் கண்ணால் பார்ப்பதற்கு எஃப்.எம்.இ.ஏ.வுக்கான 2008 கையேடே 8 தந்தது. அப்படிப் போட்டால் 320. அமெரிக்க, ஜெர்மன் வாகனத் தொழில் அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கையேடு இந்தப் பெருக்கலையே கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் கொடுத்தது. அதன் அட்டவணையில் 10-4-2 என்பதே உயர் முன்னுரிமை. லேபிள் கடைசி வரிசை.

காரணக் கட்டம் இன்னும் மோசம். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்றிருக்கும், எதிரே 'பயிற்சி'. இரண்டு அளவு டைகள் ஒரே உருவத்தில் ஒரே பெட்டியில் கிடந்தால், இரவு ஷிப்டில் மாறாமல் என்ன செய்யும்? டையைப் பொருத்தும் ஹோல்டரில் ஒரு முளை அடித்து, டையில் அதற்கான துளையை அளவுக்கு அளவு இடம் மாற்றிப் போட்டால் தப்பான டை உட்காரவே உட்காராது. டையின் தேய்மானம் வேறு கதை. டை மாற்றிய பின்னும் ஷிப்ட் தொடங்கும்போதும் முதல் பீஸை மைக்ரோமீட்டரால் அளந்தே ஆக வேண்டும்.

ஆடிட்டுக்கு வரும் கஸ்டமர்கள் கையெழுத்தையும் தேதியையும் பார்ப்பதோடு நிற்காமல், தாளோடு மெஷின் பக்கம் போகட்டும். டை மாட்டும் செட்டரிடம், "தப்பான டையை மாட்டிக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். மாட்ட முடிந்தால், அந்த 2-ஐ அங்கேயே அடித்துவிட்டு 8 எழுதலாம்.

– தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், ஓசூர்