கோடை வார இறுதிகளில் கடற்கரைக்கு வரும் நண்பர் கூட்டங்களின் பாதுகாப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
நாகர்கோவில் மாநகரிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் வசிக்கும், கீழே கையொப்பமிட்டுள்ள பொதுமக்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: ஏப்ரல், மே மாதச் சனி, ஞாயிறுகளில் சங்குத்துறை, சொத்தவிளை, கணபதிபுரம், முட்டம் கடற்கரைகளில் எச்சரிக்கை அறிவிப்பு, கொடி, மிதவை வளையம், உயிர்காப்பாளர், இரவுப் பேருந்து வசதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பரீட்சை முடிந்து சித்திரை பிறந்துவிட்டால் நாகர்கோவிலில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நண்பர் கூட்டங்கள் கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும். ஊர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் நாலு பேர் சேர்ந்து காசு செலவில்லாமல் ஒரு சாயங்காலத்தைக் கழிக்க மாநகருக்குள் பெரிதாக இடம் கிடையாது. சென்னையிலும் பெங்களூருவிலும் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வரும்போது வெளியூர் நண்பர்களையும் கூட்டி வருகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் அந்த வெளியூர் நண்பர்களுக்குத்தான். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் இங்கே இறங்குகிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில்தான் இங்கே கள்ளக்கடல் அதிகம் வரும். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயற்காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. உள்ளூரில் காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். சாதாரண நாளில் அலைக்கு அலை சில விநாடிதான் இடைவெளி. கள்ளக்கடலில் அது 15 விநாடிக்கு மேல் நீளும். இரண்டு அலைகளுக்கு நடுவே கடல் அடங்கிவிட்டது போலத் தோன்றும் அந்த இடைவெளியில்தான் செல்பி எடுக்க இறங்குகிறார்கள். அடுத்து வரும் அலை முன்னதைவிட வெகுதூரம் கரையேறி, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்ததைத் தங்கள் அலுவலகம் அறியும். அது கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த சமயம்.

அலை தொலைதூரத்திலிருந்து வருவதால், ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தால் அதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல முடிகிறது, சொல்லவும் செய்கிறது. அந்தச் செய்தி கடற்கரை ஊர்களுக்கு வந்துசேர்ந்து, கோயில் மைக்கில் அறிவிக்கப்படுகிறது. கடல் தொழிலுக்குப் போகிறவர் காதில் அது விழும். அதே நேரம் வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கடற்கரை வரை வந்துவிட்டவர்களை “இன்றைக்கு இறங்காதே” என்று திருப்பி அனுப்புவது கஷ்டம். முன்வாசலை அடைத்தால் தென்னந்தோப்பு வழியாக நுழைகிறார்கள். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: எச்சரிக்கை உள்ள நாட்களில் வடசேரி, மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையங்களின் ஒலிபெருக்கியில் காலை 10 மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை அறிவிப்பு, கடற்கரை ஊர்களுக்குப் போகும் நகரப் பேருந்துகளின் முன்கண்ணாடியில் சிவப்பு அட்டை, கடற்கரை ஊர்களில் உள்ள விடுதிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வாட்ஸ்அப் தகவல். மண்டபங்களை ஏன் சொல்கிறோம் என்றால், கல்யாணத்துக்கு வருகிற நண்பர் கூட்டம் மறுநாள் நேராகக் கடலுக்குத்தான் போகும்.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் இரண்டு விஷயங்கள் ஆளைக் கொல்கின்றன. ஒன்று, மணலின் சரிவு. நம் மேற்குக் கரையில் பல இடங்களில் முழங்கால் அளவுத் தண்ணீரிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் நெஞ்சளவு வந்துவிடும். இன்னொன்று இழுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர், கடலடி மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாகத் திரும்பி ஓடும். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுகளை ஒட்டியும் இது வலுவாக இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, நிறம் சற்றுக் கறுத்திருக்கும், நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கி நகரும். நீச்சல் தெரியாதவர்கள் அலை குறைவாக இருக்கிறதே என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுப்பதுதான் கொடுமை. மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் சில நிமிடங்களில் களைத்துவிடுவார். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். காப்பாற்றப் போகிற நண்பன் வெறுங்கையோடு குதித்தால் இரண்டு பேரும் போவார்கள். ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று உயிர் போகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

“இங்கே குளிப்பது ஆபத்தானது” என்ற போர்டு ஏற்கெனவே பல இடங்களில் நிற்கிறது. வருடம் முழுக்க ஒரே வாசகம் நின்றால் யாரும் படிக்க மாட்டார்கள். அன்றன்றைக்கு மாறும் கொடிதான் தேவை. சிவப்பும் மஞ்சளும் மேலும் கீழுமாக உள்ள கொடிகள் இரண்டை நட்டு, அவற்றுக்கு இடையில் மட்டும் இறங்க அனுமதிக்க வேண்டும். ஒற்றைச் சிவப்பு என்றால் கடல் சரியில்லை, இரட்டைச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. பல நாடுகளில் உள்ள முறை இதுவே. பள்ளம் இடம் மாறும் என்பதால் கொடியைக் கான்கிரீட்டில் ஊன்றாமல், தினமும் மதியம் கடலைப் பார்த்து நகர்த்தும்படி வைக்க வேண்டும். உப்புக் காற்றில் பருத்தித் துணி சீக்கிரமே கிழிந்துவிடும். நைலான் துணியும், கம்பத்துக்கு இரண்டு மாற்றுக் கொடியும் தேவைப்படும்.

கொடிக் கம்பத்தோடு 2.5 கிலோ எடையுள்ள மிதவை வளையமும் 30 மீட்டர் கயிறும் தொங்க வேண்டும். கயிறு வாங்கும்போது கவனம் வேண்டும்: நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். விலைப்புள்ளியில் இதைக் குறிப்பிடாவிட்டால் கையில் கிடைத்த கயிறுதான் வரும். வளையம் திருட்டுப் போகும் என்று பெட்டியில் பூட்டி, சாவியை வேறெங்கோ வைப்பதும் வேண்டாம். தண்ணீரில் தத்தளிப்பவர் ஒரு நிமிடத்துக்குள் முழுகிவிடலாம். சாவி வந்துசேர அதைவிட நேரமாகும். வளையம் களவு போனால், மூடி இறுகிய 5 லிட்டர் காலி கேன் நான்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் உதவும். அதை யாரும் திருட மாட்டார்கள். கம்பத்திலேயே 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்களையும், அந்த இடத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பதறிப்போய் போன் செய்கிற வெளியூர்ப் பையனுக்கு, தான் நிற்பது சொத்தவிளையா சங்குத்துறையா என்று சொல்லத் தெரியாது.

உயிர்காப்பாளர்களுக்கு ஆள் எங்கே என்ற கேள்வி வரும். கிழக்குக் கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி அருகே அந்தக் கரையில் உள்ள சின்னமுட்டம் துறைமுகத்தின் விசைப்படகுத் தொழிலாளர்கள் கையில் வேலை இல்லாமல் இருப்பது சரியாக இந்தக் கோடை வார இறுதிகளில்தான். கடலின் போக்கைப் பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே முதலுதவியும் செயற்கைச் சுவாசமும் கற்றுக் கொடுத்து, தினக்கூலி அடிப்படையில் கடற்கரைக்கு நான்கு பேர் வீதம், சனி, ஞாயிறு மதியம் 2 முதல் இரவு 7 வரை நிறுத்தலாம். ஒரு நேரத்தில் இருவர் தண்ணீரைப் பார்க்க, அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். வெயிலில் தொடர்ந்து பார்த்தால் கண் சோர்ந்துவிடும். மூழ்கியவரை வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் நேரம் வீணாவதோடு, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சுக் கொடுப்பதே முதல் வேலை என்பதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சின்னதாகத் தெரியும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவர் எல்லாருடைய போனையும் பர்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். அவர் கண் பையில் இருக்கும், தண்ணீரில் இருக்காது. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் தருவது போல, மகளிர் சுய உதவிக் குழு நடத்தும் பை காப்பகம் ஒன்று இருந்தால் அந்த ஒருவர் நண்பர்களைக் கவனிப்பார், குழுவுக்கும் வருமானம். கூடவே உடை மாற்றும் அறையும் நல்ல தண்ணீர்க் குழாயும் இருந்தால் பெண்களும் தயங்காமல் வருவார்கள். குடித்துவிட்டு வருபவர்களைக் கடற்கரையில் வைத்துப் பிடிப்பதைவிட, கடற்கரைக்குத் திரும்பும் சாலையில் மதியம் 2 மணிக்கே போலீஸ் நிறுத்தினால் பலன் உண்டு.

மே மாதம் சூரியன் மறைய மாலை ஆறரை ஆகிறது. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். அதற்குப் பிறகு பஸ் நிச்சயமில்லை என்றால் மூன்று பேர் ஒரே பைக்கில் ஏறுவார்கள். சனி, ஞாயிறு மட்டும் இந்த நான்கு கடற்கரைகளிலிருந்தும் இரவு 7.15-க்கும் 8 மணிக்கும் அண்ணா பேருந்து நிலையத்துக்கு வண்டி விட்டு, அந்த நேரத்தைக் கொடிக் கம்பத்திலும் எழுத வேண்டுகிறோம். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்து திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிக்கும் நாட்களிலும், குலசேகரம் தாண்டி அருவி வாசல் வரை போய் ஏமாந்து திரும்பாதபடி அதே பேருந்து நிலைய அறிவிப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்கண்டவற்றில் பேருந்து நிலைய அறிவிப்பையும் கொடி, வளையங்களையும் வரும் ஏப்ரல் முதல் சனிக்கிழமைக்கு முன்பே நடைமுறைப்படுத்த உத்தரவிடுமாறும், நான்கு கடற்கரைகளையும் மீன்வளம், சுற்றுலா, காவல், போக்குவரத்துத் துறை அலுவலர்கள் ஒரு ஞாயிறு மாலை 5 மணிக்கு, கூட்டம் இருக்கும்போதே, நேரில் பார்வையிட ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: நாகர்கோவில்
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: கொடிக் கம்பங்களும் பை காப்பகங்களும் அமைய ஏற்ற இடங்களைக் குறித்த கைவரைபடம்.