தளிப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேற்றுகிரகவாசிகளின் படையெடுப்பில் சிக்கி, உயிர்பிழைக்கப் போராடும் பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஆங்கில நாவல்களை அறிமுகம் செய்து சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். கடைசிப் பத்தி வரைக்கும் நல்ல கட்டுரைதான். அங்கே போய் எழுதியவர் ஒரு வரி போட்டிருக்கிறார்: "தளியிலோ அஞ்செட்டியிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தக் கதைகளில் என்ன இருக்கிறது?" கேட்டதோடு சரி, பதில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார். தளியும் அஞ்செட்டியும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்கள். நான் பக்கத்துத் தேன்கனிக்கோட்டைக்காரி. இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் 31 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். நான் ஆங்கிலத்தில் படித்த நாவல்களைத் தமிழில் சொல்வேன். அவர்கள் கேட்பார்கள், குறுக்கே பேசுவார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையை ஆறு வாரம் சொன்னேன். அதில் செவ்வாய்க்காரர்கள் வந்திறங்கிய குழிக்குச் சிலர் வெள்ளைக்கொடியை ஆட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போவார்கள். வெப்பக்கதிர் பாய்ந்து அத்தனை பேரும் கருகிவிடுவார்கள். அந்த இடம் வந்ததும் ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். "யாராவது அப்படி நேரா போவாங்களா டீச்சர்? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்க வேணாமா? திரும்பி ஓட வழி இருக்கான்னு பார்க்க வேணாமா?" என்றான். அவன் அப்பாவோடு ராகிக் காட்டில் பரண்மேல் காவல் இருக்கிறவன். ஐப்பசி பிறந்தால் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் எங்கள் பக்கத்து ஜவளகிரிக் காட்டுக்கு வரும். அறுவடை முடிகிறவரை இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. யானையை நான் எதிரி என்று சொல்லவில்லை, அது நடந்த வழியில்தான் நாம் பயிர் வைத்திருக்கிறோம். ஆனால் தன்னைவிடப் பெரிய ஒன்று, பேசிப் புரியவைக்க முடியாத ஒன்று, இருட்டில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று அந்தப் பையனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லண்டனே காலியாகி ஜனங்கள் ஓடுகிற அத்தியாயத்தில் இன்னொரு பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "தண்ணி எங்க குடிச்சாங்க?" 2020 ஊரடங்கில் பெங்களூருவில் கட்டட வேலை நின்றுபோய், அப்பா அம்மாவோடு ஆனேக்கல் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவள் அவள். அப்போது அவளுக்கு 8 வயது.

அந்நியக் கதை என்கிறார் கட்டுரையாளர். வெல்ஸ் தன் முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியர்கள் டாஸ்மேனிய மக்களைப் பூண்டோடு அழித்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் செவ்வாய்க்காரர்களைக் கொண்டுவருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் இராயக்கோட்டை 1791-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் விழுந்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்ற எங்கள் வட்டாரம் முழுவதும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினிக்குக் கைமாறியது. படையெடுப்பு என்றால் என்ன என்று எங்களுக்கா தெரியாது?

இதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. ஜான் கிறிஸ்டபர் 1967-லும் 1968-லும் எழுதிய மூன்று நாவல்கள் உண்டு. அந்தக் கதையில் மூன்றுகால் இயந்திரங்கள் பூமியைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 14 வயதில் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஓர் உலோக வலையைப் பதித்துவிடுவார்கள். அன்றைக்கு ஊரே விருந்து கொண்டாடும். அதன்பிறகு அந்தப் பிள்ளை எதையும் எதிர்த்துக் கேட்காது, எந்தக் குறையும் அதற்குத் தோன்றாது. தன் முறை வருவதற்குள் ஒரு பையன் வீட்டைவிட்டு ஓடி, கடல் தாண்டி, ஆல்ப்ஸ் மலையில் ஒளிந்து வாழும் சுதந்திர மனிதர்களைத் தேடிப் போகிறான். இதைச் சொன்ன அன்று ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், எப்போதும் வாயே திறக்காதவள், "அந்த விருந்துல அம்மாங்க யாராவது அழுதாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள், சொந்தத்திலேயே கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று. முன்பே ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டிருப்பேன். அவள் கேட்ட கேள்வியை நான் கதையைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். அந்தப் பையன் மலைக்குப் போய்ச் சேர்ந்தானா என்பதை அவளுக்குச் சொல்லவும் முடியாமல் போயிற்று. ஆகவே அஞ்செட்டிப் பிள்ளைக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

உங்கள் இதழுக்கு நான் 1994 முதல் சந்தாதாரர். எங்கள் மாவட்டத்தின் பெயர் எப்போதெல்லாம் அதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். யானை மிதித்தால் வரும், குழந்தைத் திருமணம் என்றால் வரும், கல்குவாரி என்றால் வரும். ஒவ்வொரு முறையும் "பின்தங்கிய" என்ற சொல் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு முறையாவது எழுதியிருக்கிறீர்களா? நான்கு ஆண்டுகளுக்கு முன் இளையோர் பக்கத்தை நிறுத்தினீர்கள். அப்போதே வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, ஒரு வரி பதிலும் வரவில்லை. ஆசிரியர் குழுவுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அப்புறம் ஒரு புத்தகக் கண்காட்சியில் கடைக்காரர் ஒருவரிடம் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் கேட்டேன். "அந்த வயசுக்குத் தனியா எதுவும் இல்லீங்கம்மா, சின்னப் பசங்களுக்கு நீதிக்கதை இருக்கு, இல்லேன்னா நீட் கைடு இருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். எனக்கு 11 வயதாக இருந்தபோது, 1972-இல், முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தான். இங்கிலாந்தில் பிறந்த கதை அது. அண்ணன்கள் படித்துமுடித்த பிரதியை வாங்கி, மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். தேன்கனிக்கோட்டைப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அது என் கைக்கு வந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி அயல்மொழி நாவலை அறிமுகம் செய்யும்போது, அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டா, யார் வெளியிட்டார்கள், என்ன விலை என்பதைக் கீழே இரண்டு வரியில் போடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். அதைப் பார்த்தாவது எந்தப் பதிப்பாளராவது செய்ய வரட்டும்.

கட்டுரையாளருக்கு நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணைக்கு வரச் சொல்லுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். ஐப்பசிக்கு முன்னால் வந்தால் நல்லது. அதன்பிறகு காவலுக்குப் போகிற பிள்ளைகள் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.