கால் எரிவுக்குத் தந்த குளிசைய வீசாதீங்க

ஆசிரியருக்கு,

போன கிழமை உங்கட பேப்பரில நித்திரைக் குளிசையப் பத்தி வந்த கட்டுரைய வாசிச்சன். தேவையான விசயம்தான், ஆனா எழுதினவர் நித்திரை வாற எல்லாக் குளிசையையும் ஒண்டாச் சேத்து 'பழக்கமாகும், விட்டுடுங்க' எண்டு முடிச்சிட்டார். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாமசியில நிக்கிறவள். அடுத்த நாளே சீனி வருத்தக்கார அம்மா ஒராள் குளிசை மட்டையக் கொண்டு வந்து கவுண்டரில வச்சிட்டு, "புள்ள, இது விசராக்களுக்குக் குடுக்கிறதாமே, எனக்கென்ன விசரா, இனிப் போடமாட்டன்" எண்டா. பாத்தா அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம்.

அவ சொன்னதில பாதி சரி. 1961ல அமெரிக்காவில இத மனச்சோர்வுக்கெண்டுதான் விக்கத் தொடங்கின, அதுக்கு ஒரு நாளைக்கு 75, 150 மில்லிகிராம் எண்டு போகும். ஆனா இதே மருந்த 10, 25 எண்டு கொஞ்சமா இரவில குடுத்தா நரம்பு வலி தணியுது எண்டு டொக்டர்மார் கன காலமாக் கண்டு வச்சிருக்காங்க, சீனியால வாற கால் எரிவு, அக்கி மாறின பிறகு இழுபடுற வலி, அடிக்கடி வாற ஒத்தத் தலையிடி எல்லாத்துக்கும் எழுதுறாங்க. கன நாட்டில மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற தாளில இந்தப் பாவனை இராது, அதுக்காக டொக்டர் பிழையா எழுதிட்டார் எண்டு இல்ல. எந்த வருத்தத்துக்கு எந்த மருந்து எண்டு வழிகாட்டுற இங்கிலாந்தின்ட நைஸ் அமைப்பு நரம்பு வலிக்கு முதல்ல குடுக்கலாம் எண்டு சொல்ற நாலு மருந்தில இதுவும் ஒண்டு. 2022ல வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில சீனியால நரம்பு வலி வந்த 130 பேரச் சேத்து இதையும் டுலொக்செட்டின், பிரிகபலின் எண்ட வேற ரெண்டு நரம்பு வலி மருந்தையும் மாறி மாறிக் குடுத்துப் பாத்தாங்க, மூண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் வலியக் குறைச்சிருக்கு. இது மலிவு வேற. ஆனா போட்ட அண்டே கேக்காது, ரெண்டு மூண்டு கிழமை பொறுக்கணும், அதுக்குள்ள நம்மட சனம் "இது சரிவராது" எண்டு விட்டுரும்.

எனக்குக் கோவம் அந்த அம்மாவில இல்ல. கிளினிக் நாளில சனம் குவிஞ்சு கிடக்கு, டொக்டருக்கு நேரமில்ல, சரி, ஆனா மருந்துக் கவரில 'இரவு 1' எண்டு ஒரு கிறுக்கல் மட்டும்தான். 'கால் எரிவுக்கு' எண்டு தமிழில ரெண்டு சொல்லு எழுதினா என்ன குறைஞ்சு போகும்? அந்த ரெண்டு சொல்லு இருந்திருந்தா பேப்பரப் பாத்து ஆரும் பயந்திருக்க மாட்டாங்க.

பயப்பட வேண்டியது வேற இருக்கு, அத ஆரும் சொல்றதில்ல. வாய் காயும், மலச்சிக்கல் வரும், வயசான ஐயாமாருக்குச் சலம் அடைக்கும், புறொஸ்டேட் வீக்கம், கண்ணில குளுக்கோமா எண்ட கண் அழுத்த வருத்தம், நெஞ்சு வருத்தம் இருந்தா கட்டாயம் டொக்டருக்குச் சொல்லணும். வயசாக்கள் இரவு எழும்பிப் போகக்குள்ள தலை சுத்தி விழுவாங்க, சில பேருக்குப் புத்தி தடுமாறும், அதாலதான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின்ட பட்டியலில இதத் தவிர்க்கச் சொல்லிக் கிடக்கு. டிரமடோல் எண்ட வலிக் குளிசை போடுறவங்க இதையும் சேத்துப் போட்டா வலிப்பு வரக்கூடும். விடுறதெண்டாலும் திடீரெண்டு விடாம டொக்டரக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், இல்லாட்டி ஓங்காளம், தலையிடி, நித்திரை கெடும். காலையில அசதி நிண்டா மோட்டச்சைக்கிள் ஓடாதீங்க.

மத்தது, இந்தக் குளிசை கூடினா இருதயத் துடிப்பக் குழப்பி ஆளையே கொண்டு போயிரும், சின்னப் பிள்ளையளுக்கு ஒரு சில குளிசையே போதும். இஞ்ச வீடுகளில அத டிவிக்குப் பக்கத்தில தட்டில வச்சிருக்காங்க. "பக்கத்து வீட்டு மாமி போடுற நித்திரைக் குளிசை ரெண்டு தாங்க மகள்" எண்டு வாற ஆக்களுக்கு நான் டொக்டரின்ட துண்டு இல்லாமக் குடுக்கிறதில்ல, மூஞ்சிய நீட்டிக்கிட்டுத்தான் போறாங்க, போகட்டும்.

அந்த அம்மாவ மட்டையோட திரும்பக் கிளினிக்குக்குத்தான் போகச் சொன்னன். நீங்களும் அடுத்த முறை ஒரு டொக்டரக் கொண்டு பிரிகபலினப் பத்தி எழுத வையுங்க, அதுவும் நரம்பு வலி மருந்துதான், ஆனா பெடியள் வெறிக்கெண்டு கேட்டு வாறது இப்ப அதைத்தான்.

இப்படிக்கு,
பாமசி ஊழியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.