அறிவிப்பு: சங்கக் கோப்புகள் வாடகை சர்வருக்கு மாற்றம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அலுவலக அறை மேசைக்கு அடியில் இருக்கும் நம் பழைய கணினி, சென்ற மாத மழையில் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டதால், தண்ணீர் லாரிப் பதிவையும் பராமரிப்புத் தொகைக் கணக்கையும் இரண்டு நாட்கள் யாராலும் திறக்க முடியவில்லை. ஆகவே, நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் உள்ள கோப்புகளையும் வால்ட்வார்டன் கடவுச்சொல் பெட்டகத்தையும் வாடகை மெய்நிகர் சர்வருக்கு (ஒரு நிறுவனத்தின் தரவு மையத்தில் நமக்கென ஒதுக்கப்படும் கணினிப் பகுதி) மாற்றுகிறோம். 14.06.2026 ஞாயிறு இரவு 10 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை இரண்டும் இயங்காது.

1. ஏற்ற வேண்டிய கோப்புகளைச் சனிக்கிழமை இரவுக்குள் ஏற்றிவிடவும்.
2. வால்ட்வார்டன் பெட்டகத்தைத் திறக்க நாம் பயன்படுத்தும் பிட்வார்டன் செயலியிலிருந்து வெளியேற (லாக் அவுட் செய்ய) வேண்டாம். உள்ளே இருந்தால் சேமித்த கடவுச்சொற்களை அந்த நேரத்திலும் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்க இயலாது.
3. இணைய முகவரி மாறாது.

வாடகைக்கு எடுத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று இருந்துவிட முடியாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்புப் பிரதியும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தனர். எனவே, சர்வர் வழங்குநர் தரும் ஸ்நாப்ஷாட்டை (சர்வரின் அந்நேர நிலையின் நகல்) மட்டும் நம்பாமல், ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதி மென்பொருள் மூலம் குறியாக்கம் செய்த பிரதியை ஒவ்வொரு இரவும் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்பவுள்ளோம். அதன் கடவுச்சொல் தொலைந்தால் பிரதி இருந்தும் பயனில்லை என்பதால், அதை அச்சிட்டு, உறையிலிட்டு, செயலாளர், பொருளாளர் இருவர் வீட்டிலும் வைக்கிறோம்.

4. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதியிலிருந்து கோப்புகளை மீட்டுச் சரிபார்க்க இரண்டு தன்னார்வலர்கள் தேவை.
5. வெள்ளி மாலை 6 மணிக்குள் வீட்டு எண்ணுடன் ‘படித்தேன்’ என்று இங்கே பதிலளிக்கவும்.

— செயலாளர்