பாப்பாவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம்தானே? இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பினால் நீ ஏதாவது மீட்டிங்கில் இருந்துகொண்டு பாதியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். காகிதம் என்றால் உட்கார்ந்து படிப்பாய். படிப்பதற்கு முன் ஏதாவது சாப்பிட்டுக்கொள். போன முறை வந்தபோது கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது, அத்தைகூடக் கேட்டாள்.

அத்தைக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து நடக்கிறாள். கோயிலில் பந்தல்கால் நட்டாயிற்று. நம் வீட்டுப் பின்பக்கக் கூரையை மாற்றிவிட்டேன், நீ அனுப்பிய பணத்தில் மிச்சம்கூட இருக்கிறது. நீ அனுப்பிய அந்தக் கடிதமும் கிடைத்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பத்திரிகையில் உன் படம் வந்ததே, அமைச்சருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக, அதை வெட்டி வைத்திருக்கிறேன். ரொட்டி சானாய் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாரிடமும் காட்டியாயிற்று. என்ன வேலை என்று கேட்டால்தான் எனக்குக் கொஞ்சம் திணறுகிறது. பொதுத் தொடர்பு என்கிறேன். அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார்கள். கம்பெனிகளுக்காக அரசாங்கத்திடம் பேசுகிற வேலை என்கிறேன். "ஓ, பெரிய வேலை" என்று தலையாட்டுகிறார்கள். பெரிய வேலைதான். தோட்டத்து லயத்தில் பிறந்தவளின் மகள், அமைச்சுகள் இருக்கிற புத்ராஜெயாவில் எந்த மாடியில் எந்த அதிகாரி இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது சின்ன விஷயமா? உன் தாத்தா தோட்டத்துக் கணக்கர் கிராணியின் ஆபீஸ் படியில் ஏறக்கூடப் பயப்படுவார்.

போன தீபாவளிக்கு நீ எனக்கு விளக்கிச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறது. பள்ளிகளுக்கு ஒரு பொருளை விற்க நினைக்கிற கம்பெனி நேராகப் போய்க் கதவைத் தட்டாது. யார் முடிவெடுக்கிறார், அவருக்கு யார் ஆலோசனை சொல்கிறார், அக்டோபரில் வருகிற பட்ஜெட்டுக்கு எந்த மாதத்திலேயே காகிதம் போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் ஆபீஸ் வரைந்து கொடுக்கும். முதலில் நாலைந்து பள்ளிக்கு ஒரு வருடம் இலவசமாகக் கொடுப்பார்கள். பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி படம் எடுப்பார்கள். நல்லபடியாகப் பேசுகிற ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்து அவர் பெயரில் ஒரு கட்டுரை வரும். கடைசியில் பெற்றோர்களே கேட்கிறார்கள் என்று ஆகிவிடும். நீ சொன்னபோது எனக்குக் கேட்க சுவாரசியமாக இருந்தது. அந்தக் கடைசிப் பகுதியில் நான் வருவேன் என்றுதான் நினைக்கவில்லை.

சரி, வேறு பேசுவோம். இரவில் கார் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வராதே. இடிஎஸ் ரயில் நம் ஊரிலேயே நிற்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகள் எப்படி வருகின்றன என்று உனக்குத் தெரியும்.

நான் பள்ளியில் கேன்டீன் நடத்திய வருடங்களில் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தவை கொஞ்சமில்லை. 2003-ல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று வந்ததே, அப்போது மடிக்கணினியும் புரொஜெக்டரும் பெட்டி பெட்டியாக இறங்கின. ஆசிரியர்கள் பாவம், மாலையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்தார்கள். 2009-ல் அது வேண்டாம் என்று அறிவித்து, பிறகு படிப்படியாகப் பழையபடி மாற்றினார்கள். அது சரியா தவறா என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவும் தலைமையாசிரியரும் அதற்காக என் நாசி லெமாக் ஆறும்வரை சண்டை போட்டிருக்கிறார்கள், அதுவே போதும். ஆனால் மொழி போனாலும் வந்தாலும் பெட்டி விற்றவருக்கு நட்டமில்லை, அதை மட்டும் பார்த்தேன்.

அப்புறம் 1பெஸ்தாரிநெட். நாடு முழுக்கப் பத்தாயிரம் பள்ளிக்கு இணையம், கற்றல் தளம் என்று எவ்வளவு பேச்சு! தலைமைக் கணக்காய்வாளர் 2013-க்கான அறிக்கையில் எழுதியதை அப்பா சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார், இன்னும் இருக்கிறது. முதல் கட்டத்துக்கு 663 மில்லியன் ரிங்கிட். அந்தத் தளத்தை மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் பயன்படுத்தியது 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரை. 2019 ஜூனில் அமைச்சு அதை முடித்துக்கொண்டது. அது வேண்டும் என்று நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவராவது கேட்டாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டார்கள். வேன் கூலி கட்ட முடியவில்லை என்றார்கள். பாலர் பள்ளிக்கு இன்னொரு வகுப்பறை கேட்டார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன்.

"நாங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள்" என்று தொடங்குகிறது. எங்கள் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது, இந்த இணையக் கற்றல் தளத்தை எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் விரைவில் கொண்டுவர வேண்டும் என்று அமைச்சைக் கேட்டுக்கொள்கிறது. நன்றாக எழுதியிருக்கிறார்கள், படித்தால் எனக்கே கண் கலங்குகிறது. பழைய சங்க உறுப்பினர்களிடம் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வாங்கி அனுப்பச் சொன்னாய். நான் அனுப்பவில்லை. நீயும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சித்தி நிபோங் தெபாலிலிருந்து கூப்பிட்டாள். பெருமையோடு எனக்கு ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினாள். இரண்டாவது வரிக்கே எனக்குப் புரிந்துவிட்டது, மீதியை நானே அவளுக்குச் சொல்லியிருப்பேன். எழுத்துக்கு எழுத்து அதே கடிதம். அவளுடையதில் பள்ளியின் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது, கோடு போட்டு. நீ அனுப்பினாயா, உன் ஆபீஸில் வேறு யாராவது அனுப்பினார்களா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பாப்பா, போய்க் கேட்பதை நான் தப்பு சொல்வேனா? அப்பாவின் பாதி ஆயுள் கேட்பதிலேயே போயிற்று. தோட்டத்தை விற்றபோது பள்ளி நின்ற நிலம் யாருக்கு என்று தெரியாமல் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார். நிலம் கம்பெனியுடையது, அதனால் பகுதி உதவிதான், முழு மானியம் கிடையாது என்று எல்லா மேசையிலும் அதே பதில். மேடையில் ஏறினால் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலிருந்து தொடங்குவார், பத்துப் பிள்ளை இருந்தால் தோட்டத்துரை பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று. முன்வரிசையில் நீ உட்கார்ந்து அவரோடு சேர்ந்து உதடு அசைப்பாய். 1957-ல் 888 தமிழ்ப்பள்ளி, இன்று 530-ஐத் தாண்டாது என்று முடிக்கும்போது குரல் உடையும். அதற்கப்புறம் நம் தொகுதி உறுப்பினர் ஒய்பிக்கு மாலை போடுவார். எனக்கு அந்த மாலை பிடிக்காது. ஆனால் அவர் லாபி செய்தார், நீ செய்கிற அதே வேலைதான். கூலி வாங்காமல், தன் பெயரில் செய்தார். மனுவில் யார் யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். ஒரு முறை மண்டோர் மனைவி, "இந்த வரி எனக்கு வேண்டாம்" என்றதற்கு மொத்தத் தாளையும் மறுபடி டைப் அடிக்கச் சொன்னார். டைப் அடித்தது யார்? நான்தான்.

நீ சொன்னாய், ஆஸ்திரேலியாவில் 2008-லிருந்து பதிவேடு இருக்கிறது, யார் யாருக்காக அமைச்சரைப் பார்க்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014-ல் சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி எதுவும் கிடையாது, அதனால் நாங்கள் செய்வதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்று. நான் குற்றம் என்று சொல்லவே இல்லையே, கண்ணு. நீயாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தாய். அன்று இரவு தூங்கினாயா? விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அந்த பிபிசி விவகாரம் நினைவிருக்கிறதா? நம் செம்பனையைப் பற்றி நல்லபடியாக நிகழ்ச்சி வந்தது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஐரோப்பாக்காரன் நம் எண்ணெயைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அல்லவா? அதைத் தயாரித்த லண்டன் நிறுவனம் நம் அரசாங்கத்திடமே வேறொரு பக்கம் விளம்பர வேலைக்குப் பணம் வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. 2012-ல் பிபிசி மன்னிப்புக் கேட்டது. அப்பா அன்று என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன், தபால்காரர் பிரித்துப் படித்தால் மானம் போகும். செம்பனையைப் பற்றி அதில் சொன்னது பாதிக்கு மேல் உண்மையாகவே இருக்கலாம். வெட்டுகிறவன், பொறுக்குகிறவள் எல்லாரையும் நமக்குத் தெரியும். ஆனால் யார் காசு கொடுத்தார்கள் என்று தெரிந்த பிறகு, உண்மையான பாதியையும் யாரும் நம்பவில்லை.

உங்கள் கம்பெனியின் தளம் நல்லதாகவே இருக்கலாம். நான் பார்த்ததில்லை. கொவிட் நேரத்தில் மூன்று பிள்ளைக்கு ஒரே கைப்பேசி வைத்துக்கொண்டு முனியாண்டி கோயில் மேட்டில் ஏறி நின்று சிக்னல் தேடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. நான் போய்க் கேட்டால் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். கேன்டீன் அக்கா சொல்கிறார், அவர் மகள் கோலாலம்பூரில் பெரிய வேலையில் இருக்கிறாள், போடு என்பார்கள். அதனால்தான் பாப்பா என்னால் போய்க் கேட்க முடியவில்லை. ரெண்டு தடவை தாளை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

உன் பிடிபிடிஎன் படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை, வீட்டுக்கும் நீதான் அனுப்புகிறாய், அந்தக் கூரையும் இந்தச் சம்பளத்தில்தான் வந்தது. இதெல்லாம் தெரிந்தே எழுதுகிறேன். வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. எதில் உன் பெயர் போகிறதோ அதை முழுக்கப் படி. எதில் மற்றவர் பெயர் போகிறதோ அதை இரண்டு முறை படி. இதை நான் நீ முதல் நாள் வேலைக்குப் போகும்போதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், வந்தாலும் சொல்வேன். சாப்பிட்டுவிட்டுப் படி.

சங்கத்து அம்மாக்கள் நாலு பேரைக் கேன்டீன் பெஞ்சில் உட்கார வைத்து, பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி இதனுடன் வைத்திருக்கிறேன். ஒருத்திக்கு மட்டும்தான் டேப்லெட் மேல் ஆசை, அதையும் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. உன் ஆபீஸுக்கு இது உதவாது என்று தெரியும். அந்தக் கம்பெனிக்காரரிடம் கொடுத்தால் கொடு. அவருக்கு நிஜமாகவே பெற்றோர் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை வரச் சொல், மீ கோரேங் நான் போடுகிறேன், வாசலில் இறங்கியதும் படம் எடுக்கிற ஆள் மட்டும் வேண்டாம்.

திருவிழாவுக்கு வருவாய்தானே? லீவு எழுதிக் கொடுத்துவிட்டாயா? சீக்கிரம் டிக்கெட் எடு, விடுமுறையில் கிடைக்காது.

இப்படிக்கு,
அம்மா

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் சித்தி மறுபடி கூப்பிட்டாள். எட்டுப் பெயர் சேர்த்து நேற்றே அனுப்பிவிட்டாளாம். அதில் பழைய பெரிய வாத்தியாரும் ஒருவர். கண்ணில் புரை, அவரால் இப்போது தலைப்புச் செய்திகூடப் படிக்க முடியாது, "என் அக்கா மகள் கேட்கிறாள்" என்று சித்தி சொன்னதும் போட்டாராம். அந்தப் பட்டியல் எங்கே போயிருக்கிறது என்று பார். இன்னும் உன் மேசையில்தான் இருக்கிறது என்றால் அவரை நீயே கூப்பிட்டு முழுக்கப் படித்துக் காட்டு. நம்பர் சித்தியிடம் இருக்கிறது. மத்தியானம் தூங்குவார், ஐந்து மணிக்கு மேல் கூப்பிடு.