கரையில் காத்திருந்த பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டக் கடற்கரை ஊர்களில் அமைதி ஊர்வலம் நடக்கிறது. நினைவுத் தூண்களுக்கு மாலை சார்த்துகிறார்கள். கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறார்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தார்கள் என்ற எண் மறுபடியும் அச்சாகிறது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்துப் பேசுவோர் அரிது என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அவர்களில் பெண்கள் 2,406 பேர், ஆண்கள் 1,883 பேர், மற்றவர்கள் குழந்தைகள். கடலூரில் நிலைமை இன்னும் கொடியது: 391 பெண்களுக்கு 146 ஆண்கள் என்ற கணக்கை ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டியிருந்தது. கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் ஆண்கள். கடல் அதிகமாகக் கொண்டுபோனதோ பெண்களை.

காரணம் மீனவர் குடும்பங்களோடு பழகிய எவருக்கும் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை, தொழிலுக்குப் போன படகுகள் கரை திரும்பும் காலை நேரம். ஏலத்தில் மீன் எடுக்கவும், எடுத்ததை அன்னக்கூடையில் போட்டுத் தலையில் சுமந்து ஊருக்குள் விற்கவும் பெண்கள் மணலில் காத்திருந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆழ்கடலில் நின்ற படகுகளுக்கு அலை தங்களைக் கடந்து போனதே தெரியவில்லை. ஆழம் குறையக் குறையத்தான் அது உயர்ந்து எழும். மீன் பிடிக்கப் போனவர்கள் தப்பினார்கள். மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் போய்விட்டார்கள்.

அப்போது நான் நாகையை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். நிவாரண முகாமாக இருந்த பள்ளி மறுபடி திறந்து சில வாரங்கள் கழித்து, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய உணவு நேரத்தில் என் அருகே வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. "அம்மா புடவை முள்ளுல மாட்டிக்கிச்சு டீச்சர். பிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்னை ஓடு ஓடுன்னு சொல்லுச்சு" என்றாள். கரைக்கும் ஊருக்கும் நடுவே அடர்ந்திருந்த சீமைக் கருவேலம் புதர்தான் அந்த முள். அவளுடைய தம்பி ஒரு மரத்தில் ஏறி உயிர் பிழைத்தான். மரம் ஏறவும் நீந்தவும் ஆண்பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகளோ வயதுக்கு வந்த பிறகு கடலில் கால் நனைப்பதையே வீட்டில் விரும்புவதில்லை. புடவையை உருவிப் போட்டுவிட்டு ஓடலாம் என்று அந்தத் தாய்க்கு யாரும் எந்நாளும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் நினைத்து வருந்தியது இதைத்தான்.

பிற்பாடு நடந்தவற்றில் நல்லவையும் உண்டு. சுனாமி குடியிருப்புகளில் வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட்டது. இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்லும் பெண்களை நான் அறிவேன். சுமத்ராவுக்கு அருகே இந்திய நேரப்படி காலை 6.28க்கு நிலம் அதிர்ந்த பிறகு அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரம் முழுவதும் எச்சரிக்க ஆளின்றி வீணானது. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டதால் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை வந்தபோது, இடுப்பில் குழந்தையும் கையில் ரேஷன் அட்டை வைத்த பையுமாகப் பெண்கள் சாலையில் விரைந்து வந்ததைப் பார்த்தேன். நல்லவேளையாகப் பெரிய அலை வரவில்லை.

ஆனால் 2004க்குப் பின் பிறந்த பெண்கள் இன்று தாங்களே தாய்மாராகும் வயதை எட்டியிருக்கிறார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கூடாது, மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதையாகவே இருக்கிறது. நான் பார்த்தவரை, எச்சரிக்கை ஒத்திகைகள் ஆட்சியர் அலுவலகத்திலும் பள்ளி வளாகத்திலும் முறையாக நடக்கின்றன. கூட்டம் நெரியும் காலை ஏல நேரத்தில், மீன் இறங்கும் கரையில் ஒரு ஒத்திகையைக்கூட நான் கண்டதில்லை. ஆபத்து வந்தால் பெண்கள் நிற்கப்போவது அங்கேதான்.

கடலோர ஒன்றியங்களின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் மாணவிகளுக்கு, பெண் பயிற்சியாளர்களைக் கொண்டு, நீச்சல் கற்பிக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்ட அலையை நீச்சலால் மட்டும் வென்றுவிட முடியாது என்பதை அறிவேன். எனினும் தண்ணீரில் தலையை மேலே வைத்துக்கொண்டு கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்ளும் பழக்கம் சிலரையாவது காப்பாற்றியிருக்கும். அதேபோல், ஆண்டுக்கு ஒரு முறையாவது மீன் ஏலம் நடக்கும் நேரத்திலேயே கரையில் ஒத்திகை நடத்த மீன்வளத் துறையும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் முன்வர வேண்டும். அதற்கான கூட்டங்களில் மீன் விற்கும் பெண்களையும் உட்காரவைத்து, எந்த வழியாக ஓடுவது எளிது என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
நாகப்பட்டினம்.